வேகமும் தடுப்பும்

கொழும்பிலிருந்து புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை ஆகிய ஊர்களைக் கடந்து பொத்துவிலில் கடலைக் காணும் பெருவீதி, பின்பு கரையோரமாகவே வடக்கு நோக்கித் திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பைச் சென்றடைகின்றது. இவ்வீதியில் நிந்தவூர் முதல் மருதமுனை வரையுள்ள பகுதியைப் போன்று மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி கிழக்கிலங்கையில் அரிது. காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கின்றன. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதைப் பெயர்ப் பலகையைக் கொண்டே புதியவர் அறிதல் கூடும்.

இவ்வீதியே இவ்வூர்களுக்குக் கடைத்தெருவும் ஆகும். பாடசாலைக்குச் செல்லும் வழியும் ஆகும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து பெருந்திரளாக மக்கள் வெளிவருவதும் இவ்வீதியிலேதான். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயல்களிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிய உழவு இயந்திரங்கள் இதில் ஊர்ந்து செல்லும். மாலையில் மாடுகள் தம் விருப்பம்போல் குறுக்கிடும். கடற்காற்று வாரியிறைத்த மணல் தார் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கினாலோ, வீதியின் இயல்பே மாறிவிடும்.

இத்தகைய வீதியில் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் கார் ஒன்று எப்போதாவது தோன்றும். அதனைச் சுற்றி இளைஞர் கூடுவதும், அதன் ஆற்றலைப் பற்றி அளவளாவுவதும் இயற்கையே. அவ்வாறான பேச்சுகளில் உலகெங்கும் அடிக்கடி எழும் கருத்து ஒன்று உண்டு. சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் தடுப்புமுறையாகிய ஏ.பி.எஸ். என்பது பழகாதவர்களுக்கே உரியது. கைதேர்ந்த சாரதிக்கு அது இடையூறு. ஆகவே அதன் உருகியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதே திறமைக்கு அழகு என்பதே அக்கருத்து. இஃது எந்த அளவிற்கு உண்மை, பொதுவீதியில் அவ்வாறு செய்தல் தகுமா என்பன ஆராய்ந்து அறிய வேண்டியவை.

முதலில் தடுப்பின் தத்துவத்தைச் சிறிது நோக்க வேண்டும். மிதிபலகையை அழுத்தினால் வண்டி நிற்கின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், பிரேக் தடுத்து நிறுத்துவது சில்லையே. வண்டியை நிறுத்துவது தயருக்கும் வீதிக்கும் இடையே உள்ள உராய்வு. அவ்வுராய்வு நிகழும் இடமோ மிகச் சிறியது. ஒவ்வொரு தயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு பரப்பிலேயே தரையைத் தொடுகின்றது. நான்கு உள்ளங்கைகளின் பிடியிலேதான் ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் ஓடவும் திரும்பவும் நிற்கவும் வேண்டியிருக்கின்றது.

நெல் மூட்டை ஒன்றைச் சீமெந்துத் தரையில் தள்ளிப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். அசையாது கிடக்கும் மூட்டையை நகர்த்துவதற்கு மிகுந்த பலம் வேண்டும். நகரத் தொடங்கிவிட்டாலோ அது சற்று எளிதாகவே வழுக்கிச் செல்லும். தயரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. உருண்டுகொண்டே சிறிதளவு வழுக்கும் தயர்தான் வீதியை நன்கு பற்றுகின்றது. சில்லின் வேகம் வண்டியின் வேகத்தைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு குறைந்திருக்கும் வேளையிலேயே இப்பிடி உச்சத்தை அடைகின்றது. அதற்கும் மேலாகப் பிரேக்கை அழுத்தினால் சில்லு முற்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்பொழுது பிடியும் குறைகின்றது. அதனினும் பெரிய கேடு வேறொன்று உண்டு. உருளாத சில்லை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி அப்பக்கம் திரும்பாது. சுக்கானைப் பிடித்திருப்பவர் அந்நிலையில் சாரதியல்லர். வண்டி செல்லும் திசையில் தாமும் செல்லும் ஒரு பிரயாணியே ஆவார்.

இக்கேட்டை நன்கு உணர்ந்து பரிகாரம் தேடியவர்கள் விமானத் துறையினர். ஈர ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சில்லு பூட்டிக்கொண்டால் தயர் வெடிக்கும். விமானமும் பாதையைவிட்டு விலகும். இதனைத் தடுக்க இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனம் 'மக்சரெட்' என்னும் பொறியை 1950களில் விமானங்களுக்கு அளித்தது. அப்பொறியை ஏற்று விற்பனைக்கு வந்த முதற் கார் 1966ஆம் ஆண்டில் வெளியான ஜென்சன் எஃப்.எஃப். ஆகும். அதுவும் வேகத்திற்கெனவே செய்யப்பட்ட ஓர் உயர்தரக் கார் என்பது ஈண்டு கருதத்தக்கது. பழகாதவர்களுக்கென்று இம்முறை தோன்றவில்லை. மிக விரைந்து செல்லும் வாகனத்திற்கே இது தேவைப்பட்டது. பின்னர் 1978இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடீஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. 1988இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதனை மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தது.

அதன் தொழிற்பாடு விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ஒவ்வொரு சில்லின் அருகிலும் அதன் சுழற்சியை அளக்கும் உணரி ஒன்று உண்டு. நான்கு உணரிகளும் தரும் செய்தியைச் சிறு கணினி ஒன்று இடைவிடாது கவனிக்கின்றது. ஒரு சில்லு மட்டும் திடீரென வேகம் குன்றிப் பூட்டிக்கொள்ளப் போகின்றது என்று கண்டால், அச்சில்லுக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வு ஒன்று கணநேரம் தளர்த்துகின்றது. சில்லு மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் திரும்பவும் ஏறுகின்றது. ஒரு செக்கனுக்குள் பலமுறை இவ்வாறு நடைபெறும். அவ்வேளையில் மிதிபலகை காலின் கீழ் அதிர்வதும், கடகடவென்று ஒலி எழுவதும் இதனாலேயே. இவ்வதிர்வைக் கண்டு அஞ்சி மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிடும் சாரதிகள் பலர். உதவி கிடைக்கும் அந்நேரத்திலேயே உதவியைத் தட்டிவிடுவது போன்றது அச்செயல்.

இனி, ஏ.பி.எஸ். வேண்டாம் என்பாரின் கூற்றையும் நேர்மையோடு செவிமடுத்தல் வேண்டும். அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. ஆழ்ந்த சரளைக் கல்லிலும் புதுப்பனியிலும் தளர்ந்த மண்ணிலும் பூட்டிக்கொண்ட சில்லு தரையை உழுதுகொண்டு செல்லும். அதன் முன்னே மண் குவிந்து ஓர் அணையாக நின்று வண்டியைத் தடுக்கும். ஏ.பி.எஸ். சில்லை உருளவிடுவதால் அவ்வணை அமைவதில்லை; வண்டி நிற்பதற்குக் கூடுதலான தூரம் தேவைப்படும். இதனைப் பொறியியலாளர்களும் நன்கறிவார்கள். 1980களில் வந்த அவுடி குவாட்ரோ கார்களில் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவைக்க ஓர் ஆளியே பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் மோட்டார் சைக்கிளிலும் பின்சில்லின் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்தும் வசதி அளிக்கப்பட்டது. மலைப்பாதையில் கரடுமுரடான தரையைக் கருதி வைத்த வசதி அது.

அவ்வாறாயின், மணல் நிறைந்த இக்கரையோரத்திற்கும் அந்நியாயம் பொருந்தாதா என்று ஒருவர் வினவலாம். பொருந்தாது. உழுது குவிக்கத்தக்க ஆழம் உள்ள மண் வேறு. வன்மையான தார் மேல் காற்று தூவிய மெல்லிய மணற்படலம் வேறு. முன்னதில் சில்லு புதையும். பின்னதில் மணற்பரல்கள் சிறு குண்டுகளைப் போலச் சில்லின் கீழ் உருண்டு அதனை வழுக்கச் செய்யும். கல்முனை வீதியில் காணப்படுவது இப்பின்னதே. அன்றியும், மணல் வீதி முழுவதிலும் ஒரே அளவாகப் பரவிக் கிடப்பதில்லை, ஓரத்திலேயே மிகுந்திருக்கும். எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்கும் காரின் இடப்புறச் சில்லுகள் மணலிலும், வலப்புறச் சில்லுகள் தாரிலும் இருக்கும். அந்நிலையில் ஏ.பி.எஸ். இன்றிப் பிரேக்கை வன்மையாக அழுத்தினால் வலப்பக்கம் பற்றும், இடப்பக்கம் வழுக்கும். கார் வலப்புறமாகச் சுழன்று எதிரே வரும் வாகனத்தை நோக்கிப் பாயும்.

இங்கேதான் திறமை பற்றிய வாதமும் ஆட்டம் காண்கின்றது. சில்லு பூட்டிக்கொள்ளும் எல்லைக்குச் சற்று முன்னே அழுத்தத்தை நிறுத்திப் பிடிக்கும் கலையைத் தேர்ந்த பந்தய வீரர்கள் பயின்றிருக்கிறார்கள். அது மெய்யான திறமையே. ஆயினும் அவ்வீரருக்கும் பிரேக்கை அழுத்த ஒரு கால்தான் உண்டு; சில்லுகளோ நான்கு. நான்கு சில்லுகளுக்கும் வெவ்வேறு அளவான அழுத்தத்தை ஒரே காலால் கொடுத்தல் எவராலும் இயலாது. ஏ.பி.எஸ். அதனைச் செய்கின்றது.

ஃபோர்முலா வன் பந்தயத்தில் 1994ஆம் ஆண்டு முதல் ஏ.பி.எஸ். தடை செய்யப்பட்டிருப்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவர். அத்தடையின் நோக்கம் போட்டியில் சாரதியின் திறமையே மேலோங்க வேண்டும் என்பது. அம்முறை பயனற்றது என்பதன்று. ஜி.டி.3 எனப்படும் விரைவுக் கார்ப் பந்தயங்களில் ஏ.பி.எஸ். அனுமதிக்கப்பட்டே உள்ளது. மேலும், பந்தயத் திடலில் ஒவ்வொரு வளைவும் முன்னரே அறிந்தது. பிரேக்கை எவ்விடத்தில் அழுத்த வேண்டும் என்பது பலமுறை பயின்று மனத்தில் பதிந்தது. எதிரே வாகனம் வராது. பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடிவராது. வீதியில் பிரேக்கை அழுத்த வேண்டிய இடத்தைச் சாரதி தேர்ந்தெடுப்பதில்லை. அவ்விடம் அவர்முன் திடீரெனத் தோன்றுகின்றது. அதிர்ச்சியில் மிதிபலகையை முழுப்பலத்தோடும் அழுத்துவது மனித இயல்பு. தேர்ந்தவரும் இவ்வியல்பிற்கு விலக்கல்லர்.

உருகியைக் கழற்றுவதால் நேரும் மற்றொரு தீங்கினைப் பலர் அறிவதில்லை. ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டால் வண்டி பழைய காலத்துக் கார் போன்று ஆகிவிடும் என்றே அவர்கள் கருதுகின்றனர். 1987இல் வெளிவந்த ஃபெராரி எஃப்.40 காரில் ஏ.பி.எஸ். கிடையாது, 1992இல் வந்த டொட்ஜ் வைப்பரிலும் தொடக்கத்தில் அது இல்லை. ஆனால் அவை ஏ.பி.எஸ். இல்லை என்பதைக் கருத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டவை. பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின்சில்லுகளின் பிடி குறையும். ஆகையால் பின்சில்லுகளுக்குச் செல்லும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பழைய கார்களில் அமைத்தார்கள். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அவ்வால்வு இல்லை. அதன் பணியை ஏ.பி.எஸ். கணினியே செய்கின்றது. அக்கணினியை உறங்கச் செய்துவிட்டால் பின்சில்லுகள் முதலில் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் காரின் பின்புறம் முன்புறத்தை முந்த முயலும். கார் பம்பரம்போல் சுழலும். வளைவுகளில் காரை நிலைப்படுத்தும் மின்னணு முறையும் அதே உணரிகளை நம்பியிருப்பதால் அதுவும் உடன் செயலிழக்கும்.

ஏ.பி.எஸ். வேண்டாம் என்பாரின் கூற்றுகளில் வலிமை மிக்கது ஒன்று எஞ்சியிருக்கிறது. பாதுகாப்புக் கருவி இருக்கின்றது என்ற எண்ணமே மனிதனை அசட்டையாக்கிவிடுகின்றது என்பதே அது. 1980களில் ஜேர்மனியின் மியூனிக் நகரத்து வாடகைக் கார்களில் ஒரு சாராருக்கு ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளையும் மற்றொரு சாராருக்கு அஃது இல்லாத வண்டிகளையும் கொடுத்து ஆராய்ந்தார்கள். இரு சாராரின் விபத்துகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஏ.பி.எஸ். உடையவர்கள் கூடிய துணிச்சலோடு ஓட்டி, கருவி தந்த நன்மையைச் செலவழித்துவிட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2009இல் வெளியிட்ட ஆய்வும், கார்களில் ஏ.பி.எஸ். உயிரிழப்பில்லா விபத்துகளை நூற்றுக்கு 6 பங்கு குறைத்தது என்றும், உயிரிழப்பு விபத்துகளின் மொத்தத் தொகையில் பெரிய மாற்றம் இல்லை என்றும் கூறிற்று. மோட்டார் சைக்கிளின் செய்தி வேறு. சில்லு பூட்டிக்கொண்டால் இருசில்லு வண்டி விழுந்தேவிடும் அன்றோ? அமெரிக்காவில் 2013இல் வெளியான ஆய்வொன்று, ஏ.பி.எஸ். உள்ள மோட்டார் சைக்கிள்கள் உயிரிழப்பு விபத்துகளிற் சிக்குவது 31 வீதம் குறைவு என்று கண்டது.

இவற்றிலிருந்து பெறும் பாடம் யாது? கருவி மனிதனின் விவேகத்திற்கு ஈடாகாது என்பதே. ஆனால் விவேகம் குறைகின்றது என்பதற்காகக் கருவியைக் கழற்றி எறிந்தால் விவேகம் வந்து சேர்ந்துவிடாது. குடை இருக்கின்றது என்று மழையில் அலைந்து காய்ச்சல் கண்டவன், குடையை எறிவதால் நலம் பெறுவதில்லை. வீட்டில் தங்குவதாலேயே நலம் பெறுகிறான்.

வேகத்தின் கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கின்றது. ஆபத்தைக் கண்டு காலை மாற்றுவதற்கே ஒரு செக்கன் கழிந்துவிடும். அதன் பின்னர் உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் ஏறக்குறைய 14 மீற்றர் வேண்டும். ஈரவீதியிலோ 25 மீற்றர் வேண்டும். வேகம் 70 ஆனால் ஈரவீதியில் மொத்தத் தூரம் 68 மீற்றர் வரை நீளும். வேகம் இருமடங்கானால் பிரேக் இழுக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. இவ்விதியை எந்தக் கருவியும் மாற்ற இயலாது. இலங்கையில் நகர்ப்புறங்களில் கார்களுக்கு 50 கிலோமீற்றரும், வெளிப்புற வீதிகளில் 70 கிலோமீற்றரும் எல்லையாக விதிக்கப்பட்டிருப்பது இக்கணக்கின் பொருட்டேயாம்.

விரைவுக் கார் வைத்திருப்போர் மிகச் சிலரே. ஆயினும் இவ்விடயம் அவர்களோடு முடிந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் நாட்டிலுள்ள வண்டிகளுக்கு வயது ஏறிற்று. உதிரிப் பாகங்களின் விலையும் ஏறிற்று. ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பழுதைத் திருத்துவதற்குப் பதிலாக இணைப்பைத் துண்டித்துவிடுவதும், விளக்கையே மறைத்துவிடுவதும் எளிதான வழியாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். பந்தயப் பெருமைக்காகக் கழற்றினாலும் பணத்தைச் சேமிக்கக் கழற்றினாலும் விளைவு ஒன்றே. பின்னையதில் ஒரு வஞ்சனையும் உண்டு. அவ்வண்டியை வாங்குபவர் இல்லாத காவலை இருப்பதாக நம்பி ஓட்டுவார்.

ஆகையால் பழைய வண்டியை வாங்குவோர் எளிய சோதனை ஒன்றைச் செய்தல் நலம். சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில செக்கன்களில் அணைய வேண்டும். அணையாவிடில் பழுது உண்டு. எரியவே இல்லையென்றால் ஐயுறுவதற்கு இடமுண்டு. விளக்கு எரிவது எப்போதும் பெருஞ்செலவின் அறிகுறியன்று. சேறும் துருவும் படிந்த உணரியைத் துப்புரவு செய்வதாலும், அறுந்த கம்பியை இணைப்பதாலும் தீர்ந்துவிடும் பழுதுகள் பல. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இவை அடிக்கடி நேரக்கூடியவை. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதாதலால், அதனை உற்பத்தியாளர் கூறும் காலத்தில் மாற்றுதல் வேண்டும். தேய்ந்த தயருக்கு எந்த ஏ.பி.எஸ்.ஸும் பிடியை அளிக்காது என்பதையும் மறத்தலாகாது.

சாரதிகள் பழகிக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. ஏ.பி.எஸ். உள்ள காரில் ஆபத்து வேளையில் மிதிபலகையை முழுமையாக அழுத்தி, நிற்கும்வரை அழுத்தியபடியே இருக்க வேண்டும்; பழைய வழக்கப்படி விட்டுவிட்டு அழுத்துதல் கூடாது. பார்வையை மோதப்போகும் பொருளின்மீது வைக்காது, விலகிச் செல்லும் வழியின்மீது வைத்துச் சுக்கானைத் திருப்ப வேண்டும். ஆளில்லாத் திடலில், அறிந்தவர் ஒருவரின் துணையோடு, குறைந்த வேகத்தில் இதனை ஓரிருமுறை செய்து பார்த்தவர் மிதிபலகையின் அதிர்வுக்கு அஞ்சமாட்டார். விரைவுக் காரின் முழு ஆற்றலையும் காண விரும்புவோர், ஏ.பி.எஸ்.ஸோடு ஆயினும் அஃதின்றி ஆயினும், பந்தயத் திடலுக்குச் செல்வதே முறை. அங்கே ஏற்படும் இழப்பு அதனை விரும்பி ஏற்றவரோடு அமையும்.

பொதுவீதியின் நிலை அதுவன்று. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைவேளை. மக்ரிப் தொழுகைக்கு வயோதிபர் ஒருவர் பேரனின் கையைப் பற்றிக்கொண்டு வீதியைக் கடக்கிறார். தூரத்தில் வரும் கார் நின்றுவிடும், அன்றேல் விலகிச் செல்லும் என்ற நம்பிக்கையிலேயே அவர் அடியெடுத்து வைக்கிறார். அக்காரின் உருகி கழற்றப்பட்டிருக்கின்றது என்பதை அவர் அறியார். அதற்கு அவரிடம் எவரும் சம்மதம் கேட்டதும் இல்லை. அவருடைய அந்நம்பிக்கை சாரதியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். காரின் சொந்தக்காரருக்கு இயந்திரம் உரியது. அதன் வேகமும் உரியது. தடுப்பில் மட்டும் வீதியில் நடக்கும் அனைவருக்கும் பங்குண்டு.